பெரியண்ணனார் துப்பாக்கிக் கட்டை தேர்ந்த காதை

வாழ்க, சேர்வராயன் மலைமுகட்டில் தவழும் வெண்முகில்! வாழ்க, அம்முகிலை முண்டாசாகச் சுற்றிக்கொண்டு காலை பத்து மணிவரை கண்விழிக்காத செம்மநத்தம் எனும் சீரூர்! அவ்வூரில் சாமையும் காப்பியும் பலாவும் விளைவிக்கும் தொல்குடியில் தோன்றியவரும், ஒற்றை இருமலால் குரங்குக் கூட்டத்தைக் கலைக்க வல்லவரும், ஒரு சோடிச் செருப்பு வாங்கச் சந்தைக்கு இறங்கி, கடைகள் அத்தனையும் ஏறி இறங்கி, எது நல்லது என்ற ஐயம் தீராமல் வெறுங்காலோடு வீடு திரும்பிய விழுமிய சிந்தையருமான பெரியண்ணனார் வாழ்க! அவர் காற்றுத் துப்பாக்கி ஒன்றுக்குக் கட்டை தேர்ந்த பெருங்கதையைச் சொல்ல நமக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

போருக்கு மூலம் மரவள்ளி. பெரியண்ணனாரின் மனையரசி ராசாத்தியார் வீட்டுக்குப் பின்னே சரிவில் அதை நட்டு, களைபறித்து, பிள்ளையைப் போல் வளர்த்திருந்தார். மாரியம்மன் திருவிழாவில் ஊரார் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது செம்மநத்தத்து வழக்கம். அதற்கு வீட்டுக்கு ஒரு பொருள் என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்வார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "கிழங்கு எங்க ஊட்டுதுங்க," என்று ராசாத்தியார் சொன்ன சொல், அன்றுவரை அவர் வாயிலிருந்து வந்து பொய்த்துப்போகாத சொற்களின் வரிசையில் ஒன்று.

அச்சொல் காற்றில் கரையுமுன் மண்ணுக்கடியில் எழுந்தது பெருச்சாளிப் பெரும்படை! வளை தோண்டி வழி சமைப்பதும், பொறியில் வைத்த கருவாட்டைத் தின்றுவிட்டுப் பொறியை அப்படியே விட்டுச் செல்வதும், பிள்ளையாரைச் சுமக்கும் குலத்தில் பிறந்தோம் என்ற இறுமாப்பில் மனிதரைக் கண்டும் மெதுவாகவே நடப்பதும் அப்படையின் இயல்பு. வாலில் பாதியை எந்தக் களத்திலோ இழந்த கிழப்பெருச்சாளி ஒன்று அதற்குத் தலைமை தாங்கியது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊருக்குள் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது. காப்புக்கு முன்னால் பகை முடித்தால் கிழங்கு பிழைக்கும். இல்லையென்றால் ராசாத்தியாரின் வாக்குப் போகும்.

"துப்பாக்கி கொணர்வேன், துளைகள் தோறும் துன்பம் விளைப்பேன்!" என்று சூளுரைத்த பெரியண்ணனார், வெள்ளைவேட்டி புனைந்து, குப்பனூர் வழியாகச் செல்லும் பஸ்ஸில் சன்னலோரம் வீற்றிருந்து, கொண்டையூசி வளைவுகள் யாவும் தலைவணங்கி வழிவிட, சேலம் மாநகரை அடைந்தார். அங்கே கோவிந்தராஜ் என்பார் நடத்திய கடையில், எலி முதல் பெருச்சாளி வரை வீழ்த்தவல்ல வேட்டைத் துப்பாக்கி, ஒரே குழலும் ஒரே விசையும் ஒரே விலையுமாக, தோளில் சாய்க்கும் கட்டையில் மட்டும் வேறுபட்டு, மூவேந்தர் ஒருங்கே கொலுவிருந்தாற்போல் மூன்றாய்ச் சாய்ந்து நின்றது.

கடைக்காரர் மூன்றின் மெய்க்கீர்த்தியையும் ஒரே மூச்சில் பாடினார். "பாலீஷ் போட்ட மரக் கட்டைன்னா ஒரு கவுரதைங்க. கறுப்பு ஃபைபரு மழைக்கு நொம்பத் தாங்குமுங்க. மிலிட்டரி டிசைன் எடுத்தீங்கன்னா, நீங்க தோட்டத்துல நிக்கறதே தெரியாதுங்க."

இந்த மூன்று சொல்லும் மூன்று வேலாகப் பெரியண்ணனாரின் நெஞ்சில் இறங்கின. மரக் கட்டையை ஏந்தித் தோளில் சாய்த்தார். உடனே கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காவல் பார்க்கும் மைத்துனர் பொன்னுவேல் கண்முன் தோன்றினார். எஸ்டேட் துப்பாக்கியும் மரக் கட்டைதான். தன்னைப் பார்த்து வாங்கியதாக அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். கறுப்பை எடுத்தார், திருவிழாக் கடைப் பொம்மை என்று அதே பொன்னுவேல் சிரிப்பார். மிலிட்டரி டிசைனை எடுத்தார். இலையும் தழையும் வரைந்த அந்த எழிற்கோலம் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. ஆனால் நிற்பதே தெரியாது என்றால், துப்பாக்கியோடு நிற்கும் தன்னைப் பொன்னுவேல் எப்படிப் பார்ப்பார்? இவ்வாறு பொருதும் முப்படைக்கு நடுவே தன் நெஞ்சையே களமாக்கி நெடும்பொழுது நின்ற நாயகர், கடைசி பஸ்ஸுக்கு வெறுங்கையோடு திரும்பினார்.

வீட்டில் ராசாத்தியார் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, பெருச்சாளி வர்றது இருட்டுல. அதுக்குக் கட்டை எந்தக் கலரா இருந்தா என்னங்க?"

இது பெண்ணறிவுக்கு எட்டாத பொருள் என்று பெரியண்ணனார் மனத்துள் தீர்ப்பெழுதினார். வாய்விட்டுச் சொல்லும் வீரம் மட்டும் அவருக்கு வரவில்லை.

மானிடரால் தீராத வழக்கைத் தெய்வத்தின் முன் வைப்பது மலைநாட்டு முறை. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, அம்மன் பாதத்தில் வைத்து, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுக்க, வந்த பூவே வாக்கு. கல்யாணம், கிணறு, பாகப்பிரிவினை முதலிய பெருங்காரியங்களுக்கே கேட்கும் அவ்வாக்கை, ஒரு வெள்ளிக்கிழமை, துப்பாக்கிக் கட்டைக்காக வேண்டி நின்றார் நம் நாயகர். பூவோ இரண்டு, கட்டையோ மூன்று. செவ்வந்தியையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்டதற்குப் பூசாரி மாரியப்பன் காது கொடுக்கவே இல்லை. ஆகவே மரத்தையும் கறுப்பையும் மட்டும் மோதவிட்டார். மரம் வென்றது.

வென்றதோடு விட்டிருந்தால் இக்காதை இங்கேயே முடிந்து, மரவள்ளியும் பிழைத்திருக்கும். ஆனால் களத்துக்கே அழைக்கப்படாத மிலிட்டரி டிசைனுக்கு அநீதி இழைத்துவிட்டோமே என்ற அறச்சீற்றம் அவரை உறங்கவிடவில்லை. அடுத்த வெள்ளி, வென்ற மரத்தை மிலிட்டரியோடு மோதவிட்டார், மிலிட்டரி வென்றது. அத்தோடாவது சேலத்துக்குப் புறப்பட்டாரா? இல்லை. வென்றவன் தோற்றவனையும் ஒருமுறை நேரில் வென்றால்தானே முழுவெற்றி என்று எண்ணி, அதற்கடுத்த வெள்ளி மிலிட்டரியைக் கறுப்போடு மோதவிட்டார். கறுப்பு வென்றது! மரத்திடம் கறுப்பு தோற்க, மிலிட்டரியிடம் மரம் தோற்க, கறுப்பிடம் மிலிட்டரி தோற்க, மூவரும் வென்று மூவரும் தோற்ற அவ்விந்தைப் போரைக் கண்டு அம்மனே திகைத்திருக்க வேண்டும். நாலாம் முறை பெரியண்ணனார் பூவோடு படியேறியபோது மாரியப்பன் நடையை மறித்து நின்றார்.

"ஆத்தாகிட்ட இனி இதக் கேக்காதீங்க. காப்புக் கட்டற நாள் வந்தாச்சு, எனக்கு வேலை கெடக்குது."

அப்போதுதான் நாயகருக்குச் சுருக்கென்றது. விடிந்தால் காப்பு! மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கட்டுவார்கள். முதல் பஸ்ஸில் போய் மதியம் திரும்பினால், பொழுது சாய்வதற்குள் படைத்தலைவனையாவது வீழ்த்தலாம். வளையெல்லாம் புகைபோட்டு எதிரியை வெளியே கிளப்பித் தருவதாக ராசாத்தியாரும் சொன்னார். வறட்டி, மிளகாய் வற்றல் எல்லாம் விடியுமுன்பே எடுத்து வைத்துவிட்டு, "சீக்கிரம் வந்துருங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அடடா, விதியே! கடை திறந்தபோதே பெரியண்ணனார் வாசலில் நின்றார். மூன்று கட்டையும் இன்னும் விற்காமல் அங்கேயே நின்றன. ஒன்றேனும் விற்றுப்போயிருக்கக் கூடாதா என்று அவர் மனம் புழுங்கினார். மீண்டும் ஏந்தினார், மீண்டும் தோளில் சாய்த்தார், சுவரில் தொங்கிய கண்ணாடியில் முன்னழகும் பக்கவழகும் கண்டார், தெருவெயிலில் ஒருமுறையும் கடையின் நிழலில் ஒருமுறையும் நிறம் பார்த்தார். கோவிந்தராஜ் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து, திரும்பி வந்தபோதும் இவ்வீரர் மரத்துக்கும் மிலிட்டரிக்கும் நடுவே மலைபோல் அசையாது நின்றார். கடைக்காரருக்கே இரக்கம் வந்துவிட்டது. மிலிட்டரி டிசைனை எடுத்துத் தாமே பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, பெரியண்ணனாரின் கக்கத்தில் செருகினார். இவ்வாறு முடிந்தது மாபெரும் கட்டைப்போர்.

பஸ்ஸில் அப்பெட்டியைத் திறந்து காட்டாத ஆளில்லை. கண்டக்டர் தொட்டுப் பார்த்து, நொம்ப நல்ல கலரு என்றார். பெரியண்ணனாரின் உள்ளம் ஏற்காடு ஏரியைப் போல் நிறைந்து ததும்பியது. மலையேறி ஊரெல்லையில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பம்பைச் சத்தம் கேட்டது. கோயில் கம்பத்தில் காப்பாக மஞ்சள் துணி கட்டி முடித்து, ஊரார் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ராசாத்தியார் தோட்டத்தில் நின்றிருந்தார். அணைந்த வறட்டிப்புகை இன்னும் சரிவில் சுற்றிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அவர் கிளப்பிவிட்ட பெருச்சாளிகள், சுட ஆளில்லாததால், கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்திருந்தன. மரவள்ளிச் செடிகள் இலை வாடாமல் நிமிர்ந்துதான் நின்றன. அவர் ஒன்றைப் பற்றி இழுத்தார். குச்சி சுலபமாகக் கையோடு வந்தது, அடியில் கிழங்கு இல்லை. அடுத்ததிலும் இல்லை. பெரியண்ணனார் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் ராசாத்தியார் எழுந்து நின்றார். கணவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கிழங்கு இல்லீங்க," என்றார்.

அந்த வருசம் பந்தியில் பூசணிக்காய்ப் பொரியல் வைத்தார்கள்.