பிரெஞ்சு அரைமணியும் சங்கரா மீனும்

ஆவடி,
14.6.1987

மகா கனம் பொருந்திய வானொலி நிலைய இயக்குநர் சமூகத்திற்கு, ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் மகன் வீட்டில் காலம் தள்ளும் பாஸ்கல், வயது அறுபத்திரண்டு, பணிந்து எழுதுவது. தாங்களும் தங்கள் ஒலிபரப்புக் கருவிகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

கேட்க ஆளில்லை என்று ஞாயிறு காலை 'பிரெஞ்சு அரைமணி'யை அடுத்த மாதத்தோடு நிறுத்தப்போவதாக அறிவித்தீர்கள். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், ஐயா. நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் சமைத்தவன்; புதுச்சேரியில் எங்களைச் 'சொல்தா' என்பார்கள். என் பிரெஞ்சு அடுப்படியோடு நின்றுவிட்டது. மனைவி லூர்தம்மாள் சைகோனில் பிறந்தவள். ரேடியோவில் காதை வைத்துக் கேட்டு எனக்குத் தமிழில் சொல்லுவாள்.

அதனால் நான் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், "அறுபது தாண்டுன ஆம்பளைங்க பீடியத் தொடக் கூடாதாம்" என்றாள், விட்டேன். அடுத்த வாரம், "ஞாயித்துக்கெழம மீன் ஆயறது புருசன் வேலையாம்" என்றாள், வாசலில் உட்கார்ந்து சங்கராவை ஆய்ந்தேன், செதில் மீசையெல்லாம் ஒட்டிக்கொண்டது, பக்கத்து வீட்டுக் கஜபதி எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, மறுபடியும் பட்டாளத்துல சேந்துகினியா?" என்று சிரித்தான். போன வாரம், பெண்டாட்டியைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்களாம். பிரெஞ்சுக்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் வரைக்கும் தெரிந்திருப்பதில் எனக்குப் பெருமைதான்; ஆனால் திரும்பும்போது பஸ் கிடைக்காமல் பூந்தமல்லி வரை நடந்தோம்.

இருந்தாலும் நிறுத்தாதீர்கள். சர்க்கார் ரேடியோ என்ன ஜட்கா வண்டியா, நாலு சவாரி ஏறினால்தான் கிளம்புவதற்கு? தமிழுக்கு ஊரே இருக்கிறது. இந்தப் பாஷைக்கு ஆவடியில் அந்த ஒரு பெட்டிதான். கூடவே, மனைவிமாருக்கும் இரண்டு புத்தி சொல்ல வேண்டுகிறேன்.

தங்கள் குடும்பமும் அலைவரிசையும் கரகரப்பில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சொல்தா பாஸ்கல்

பி.கு.: ஐயா, நான் லூர்தம்மாள். தபால்ல போடச் சொன்னார், படிச்சிட்டேன். ரேடியோ இதெல்லாம் ஒண்ணும் சொல்லல. சைகோனை விட்டு வரும்போது எனக்கு ஆறு வயசு, பாதிதான் புரியும். எங்க அப்பா பேசின பாஷை, காதுல விழுந்தா போதும். மீதியை நானே சேத்துச் சொல்லிட்டேன். அவருக்குத் தெரிய வேணாம். நிறுத்திடாதீங்க.

இன்னொரு பி.கு.: உறையை ஒட்டாமல் அலமாரியில் வைத்திருந்தாள், நானும் படித்துவிட்டேன். பட்டாளத்துக்கே மீன் சமைத்தவனுக்கு மீனுக்குப் பிரெஞ்சில் 'புவாசோன்' என்று தெரியாதா? தங்கள் நிகழ்ச்சியில் அந்தச் சொல் ஒரு நாளும் வந்ததில்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதில்லை. இப்போதுதான், ரேடியோ பேரைச் சொல்லியாவது கேட்கிறாள். நிறுத்திவிடாதீர்கள், ஐயா. மனைவிமாருக்குப் புத்தி சொல்லக் கேட்ட வரியை மட்டும் தாங்களே அடித்துவிடவும்.