வாழைப்பழக் கோப்பியும் யன்னலோரக் கதிரையும்

கெல்சென்கிர்ச்சன்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய அக்கா புஸ்பவதி அவர்களுக்கு, உங்கள் ஒரே தம்பி செல்வரட்ணம் பணிவோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

கொலோனில் உங்கள் முழங்காலும் அத்தானின் பிரஷரும் சொல்வழி கேட்டு நடக்கவேண்டும் என்று அம்மாளைக் கும்பிடுகிறேன். இங்கே நான் சுகம். கமலாம்பிகை தன் தங்கையின் மகளுடைய கலியாணத்துக்கென்று ரொறன்ரோ போய் இன்றைக்குப் பதினேழு நாள். அவளும் சுகம். சுகமில்லாமல் இருப்பது அவளுடைய கறிவேப்பிலை மரம் மட்டும்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வட்சப்பில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வட்சப்பில் எழுதினால் நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது நாலு குழுக்களுக்குப் போய்விடும். அதில் மூன்றில் கமலாம்பிகை இருக்கிறாள்.

அந்த மரம் எங்கள் வீட்டில் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் குற்றவாளி நீங்கள். பதினொரு வருடத்துக்கு முன் சுண்டுவிரல் அளவுக் கன்றாக வந்து, குளிர் காலத்தில் ஹீற்றருக்குப் பக்கத்திலும் வெயில் காலத்தில் ஹோல் யன்னலுக்குப் பக்கத்திலுமாக வளர்ந்து, இன்றைக்கு என் தோளளவு நிற்கிறது. நான் ஒருமுறை கடும் காய்ச்சலில் கிடந்தபோது கமலாம்பிகை என் நெற்றியில் இரண்டு தரம் கைவைத்துப் பார்த்தாள். அதே கிழமை அந்தச் சாடி மண்ணில் எத்தனை தரம் விரல் விட்டுப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. இந்தமுறை விமான நிலையத்தில் மகள் பிரபாலினியைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, என் பக்கம் திரும்பி அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "இஞ்சேருங்கோ, நான் திரும்பி வரேக்கை அது பச்சையா நிக்கவேணும். நீங்கள் எப்பிடி நிண்டாலும் பரவாயில்லை."

சனிக்கிழமை பின்னேரம் அவள் வந்து இறங்குகிறாள். மரத்தில் இப்போது பதினாலு ஈர்க்கு இலைதான் மிச்சம். கடிதத்தைத் தொடங்கும்போது பதினைந்து இருந்தது.

எல்லாம் கோப்பியில்தான் தொடங்கியது. முப்பத்தொரு வருடம் பாண் தொழிற்சாலையில் காலை வேலை செய்த எனக்கு, முப்பத்தொரு வருடமும் விடிய நாலு மணிக்கு எழும்பிக் கோப்பி போட்டுத் தந்தவள் கமலாம்பிகை. மார்ச் மாதம் பென்ஷன் எடுத்த அன்றே, இனிக் கோப்பி என் வேலை என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். வெறும் கோப்பியை யாரும் போடுவார்கள். முப்பத்தொரு வருடக் கடனுக்கு வெறும் கோப்பி காணுமா? அப்போதுதான் கைபேசியில் ஒரு பெடியன் வாழைப்பழக் கோப்பி செய்து காட்டினான். பழத்தைச் சீனியில் வாட்டுகிறான், பாலோடும் கோப்பியோடும் மிக்ஸரில் அடிக்கிறான், கறுவாத்தூள் தூவுகிறான், சிரிக்கிறான், முடிந்தது. அவனுக்கு ஒரு நிமிடம். எனக்கு முதல் நாள் மூன்று மணித்தியாலம், அதில் இரண்டரை மணித்தியாலம் ஏணியில்.

ஏன் ஏணி என்று கேட்பீர்கள். சீனியும் பழமும் சட்டியில் கருகத் தொடங்க, புகை மணி அலற, அதைக் கதிரையில் ஏறி நான் அமத்திய நேரத்தில் அந்தப் பெடியன் ஏதோ முக்கியமான புத்திமதி சொல்லியிருக்கிறான். சுடச்சுட ஊற்றினால் மிக்ஸரின் மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்கவேண்டுமாம். நான் பிடிக்கவில்லை. மூடி ஒரு பக்கம் போனது, கோப்பி முகட்டுக்குப் போனது. அதைத் துடைக்கத்தான் ஏணி. மேல்மாடியில் இருக்கும் மனுசி ஃப்ராவ் கொவால்ஸ்கி ஈரத் துவாயோடு வீடு எரிகிறதென்று ஓடிவந்து, குசினி வாசலில் நின்று முகட்டை அண்ணாந்து பார்த்து, "ஹெர் செல்வா, இது என்னவாக வரப்போகிறது?" என்று கேட்டார். "கோப்பி," என்றேன். துவாயை என் கையில் தந்துவிட்டு அவர் மேலே போய்விட்டார்.

இதில் உங்கள் பங்கையும் சொல்லவேண்டும். கோப்பித்தூள் உங்களுடையது. மல்லி, சுக்கு, மிளகு எல்லாம் சேர்த்து வறுத்து, வருடாவருடம் நீங்கள் அரைத்து அனுப்புகிற அதே தூள். அக்காவின் தூள் இருக்கக் கடைத்தூளைத் தொடுவதா என்று, பெடியன் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு போட்டேன். எனக்கோ சீனி வருத்தம். டொக்டர் பழத்தையும் சீனியையும் கண்ணால் பார்க்கலாம் என்று மட்டும்தான் விட்டிருக்கிறார். ஆகவே அதை நான் ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை. கமலாம்பிகைதான் குடித்தாள். யன்னலோரக் கதிரையில் இருந்து, வெளியே பார்த்துக்கொண்டு, இரண்டு மாதம், ஒரு நாளும் தவறாமல். கிளாஸ் கழுவி வைத்ததுபோல வெறுமையாகத் திரும்பி வரும். "எப்பிடி?" என்பேன். "நல்லாத்தான் இருக்கு," என்பாள். அக்கா, பென்ஷன் எடுத்த மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிறகு அவள் ரொறன்ரோ போனாள். மூன்றாம் நாள் தம்பி சாப்பிடுகிறானா என்று பார்க்க நீங்கள் வந்தீர்கள். அதே கதிரையில் உங்களை இருத்தி, பெரிய கிளாஸில் கோப்பி தந்துவிட்டு, பருத்தித்துறை வடை எடுக்கக் குசினிக்குள் போனேன். வந்து பார்த்தால் கிளாஸ் காலி. "நல்லா இருக்கு தம்பி, ஆரட்டை உதைப் பழகினனி?" என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகு, வந்த ஆளுக்கு இரண்டாவது கிளாஸ் ஊற்றாமல் விடுகிற வீடா எங்கள் வீடு? ஊற்றினேன். அதுவும் காலி. மூன்றாவதையும் முடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று எழும்பி ஓடினீர்கள். முழங்கால் வலிக்காரர் அந்த வேகத்தில் படியிறங்கி நான் பார்த்ததில்லை. ருசியில் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோசத்தில் ஊர் முழுக்கக் கூப்பிட்டேன். சங்கச் செயலாளர் யோசப்பும் மனைவி பிளோறன்ஸும் வந்தார்கள். வந்தவுடன் இரண்டு பேருக்கும் அந்த யன்னலோரக் கதிரைதான் வேண்டும். "இதிலை வெளிச்சம் நல்லா விழுது அண்ணை," என்றார் யோசப். வெளியே மழை. சோபா முழுக்க வெறுமையாய்க் கிடக்க, புருசனும் பெண்சாதியும் முறைவைத்து மாறி மாறி அந்தக் கதிரையில் இருந்தார்கள். போகும்போது யோசப் என் கையைப் பிடித்து, "அண்ணை, உதை எங்கடை விளையாட்டுப் போட்டியிலை ஒரு கடையாப் போடுங்கோ, சனம் அள்ளிக்கொண்டு போகும்," என்றார். நான் இரவெல்லாம் சிரித்துக்கொண்டு படுத்தேன். அடுத்த நாளே கடை போட அனுமதி கேட்டு நகரசபைக்கு ஒரு அன்ட்ராக் எழுதிப் போட்டு, உணவுச் சுத்தம் பற்றிய வகுப்புக்கு நாளும் நேரமும் குறித்து டெர்மீனும் எடுத்துவிட்டேன்.

அந்தக் கிழமை ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் அதே கதிரை. அடுத்த கிழமை ஒருவரும் வரவில்லை. வந்து குடித்துப்போன மதிசுதனுக்குப் பல்லு டெர்மீன், யோசப் தம்பதிக்குக் கார் டெர்மீன். கெல்சென்கிர்ச்சன் தமிழ்ச்சனம் முழுவதுக்கும் ஒரே நேரத்தில் இத்தனை டெர்மீன் கிடைத்தது ஜெர்மனியில் இதுதான் முதல்முறை. ஆட்கள் வராததால் கோப்பியும் போடவில்லை. அதிலிருந்து நாலாம் நாள் மரத்தில் முதல் இலை மஞ்சளாகியது. கமலாம்பிகை எழுதி ஒட்டிவைத்த தாளின்படிதான் தண்ணீர் விட்டேன், ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவில்லை. பிறகு தொட்டால் உதிரத் தொடங்கியது.

நேற்று ஃப்ராவ் கொவால்ஸ்கியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பால்கனியில் தக்காளி வளர்ப்பவர், விசயம் தெரிந்தவர். சாடிக்குள் விரலை விட்டார், மணந்தார், என்னைப் பார்த்தார், பிறகு முகட்டைப் பார்த்தார். "ஹெர் செல்வா, உங்கள் மரம் கோப்பி குடிக்கிறது." கரண்டியால் கிண்டிப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடைக்கு மண்ணே இல்லை, உங்கள் தூள். அதற்குள் வாழைப்பழக் கட்டி. மணம் என்றால் அப்படி ஒரு மணம்.

யோசப்புக்கு உடனே போன் எடுத்தேன். சாடிக்குள் கண்டதைச் சொன்னதும் யோசப் ஒப்புக்கொண்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் ரெண்டு கிளாஸ்தான் ஊத்தினனான். பிளோறன்ஸ் மூண்டு."

"வாயாலை சொல்லியிருக்கலாமே யோசப்?"

"ஆசையாப் போட்டுத் தாறியள் அண்ணை. முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது? அந்தக் கதிரையைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்ததே புஸ்பம் அக்காதானே. அதிலை இருந்தால் கை நீட்டினால் சாடி எட்டும் எண்டு எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னவ."

அக்கா! கூடப்பிறந்த அக்கா! நீங்கள் ஊற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். வழி சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். கோபம் தலைக்கேறி, அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று டொக்டரை மறந்து ஒரு கிளாஸ் போட்டு, ஒரு கரண்டி வாயில் வைத்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன்.

அதைக் கோப்பி என்றும் சொல்ல ஏலாது, பழம் என்றும் சொல்ல ஏலாது. தடிமன் கசாயத்துக்குள் பிறந்தநாள் கேக் விழுந்ததுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் கமலாம்பிகையை நினைத்தேன். ஊரே சாடிக்குள் ஊற்றியபோது, இரண்டு மாதம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இதைக் குடித்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய மரத்தை நான் கொன்றுவிட்டேன். பகிடியாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், நேற்றுப் பின்னேரம் அந்த மரத்துக்குப் பக்கத்தில் இருந்து நான் அழுதேன்.

ஆகவே அக்கா, இனி இந்த வீட்டில் வாழைப்பழம் உரித்துத்தான் சாப்பிடப்படும். மிக்ஸரைப் பெட்டியில் கட்டிவிட்டேன். நகரசபை அன்ட்ராக்கை வாபஸ் வாங்க இன்னொரு அன்ட்ராக் எழுதிவிட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் நிற்கும் மரம் எங்கள் மரத்திலிருந்து பிரித்துத் தந்த கன்று. அதை வெள்ளிக்கிழமைக்குள் ரயிலில் ஏற்றி, நீங்களும் ஏறி, இங்கே கொண்டுவந்து சேருங்கள். சாடியை மாற்றி வைத்துவிடலாம். மரத்துக்கு மரம் அவளுக்கு முகம் தெரியும்தான், ஆனால் பிரயாணக் களைப்பில் இரண்டு நாளாவது தப்பலாம். அதற்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் நின்றால் பேச்சைப் பாதிப்பாதியாக வாங்கலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவள் ஆதிரைக்கு மாமாவின் முத்தங்கள், அவளுக்கு இந்த விசயம் தெரியவேண்டாம். நல்லூரான் உங்கள் முழங்காலுக்குப் பலமும் வெள்ளிக்கிழமை ரயிலுக்கு நேரமும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
செல்வரட்ணம்.

பின்குறிப்பு: முத்திரை ஒட்டப்போகும்போது கமலாம்பிகை வீடியோவில் வந்துவிட்டாள். கமெராவை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். "உங்களை ஆர் கேட்டது? மரத்தைக் காட்டுங்கோ," என்றாள். காட்டினேன். சாடியைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "என்னப்பா, கோப்பி போடுறதை நிப்பாட்டிட்டியளோ?" எனக்கு விளங்கவில்லை. "பின்னை வாடாமல் என்ன செய்யும்? ரெண்டு மாசமா அது உங்கடை கோப்பியிலைதானே நிண்டது. இந்த வருசம் இவ்வளவு தளிர் விட்டதே அதாலைதான். உடனை போட்டு ஊத்துங்கோ."

"அப்ப நீர் குடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் முதல் மிடறு குடிச்சனான். நீங்கள் கதவடியிலை நிண்டு பாத்துக்கொண்டல்லோ இருப்பியள். அதுக்கு மேலை ஏலாதப்பா."

அக்கா, அறுபது நாள், அறுபது மிடறு. நான் ஒரு கரண்டிக்கே அழுதவன். ஆகவே மரம் கொண்டுவர வேண்டாம். மிக்ஸரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன், முகட்டுக்கு அடியில் பழைய துணியும் கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கிலோ தூள் அனுப்பிவையுங்கள். மல்லியைக் குறைக்கவேண்டாம், மரம் அதுக்குப் பழகிவிட்டது.