அருவிக்குப் போன காக்கிச் சட்டை

முதல் பையை ஜோஷ்வா கேட்டு வாங்கவில்லை. யாரோ ஒரு அம்மாள்தான் தானாக வந்து, ஜிப்பைத் திறந்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக கேட் செக்யூரிட்டி அவன். நைட் ஷிஃப்ட் முடிந்ததும் சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல், காக்கியோடு வேனில் ஏறி இந்தக் கடலோரத் தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தான். மனைவி ஏஞ்சலின் டிக்கெட் எடுக்கப் போனாள். அவன் வாசலோரம் நின்றான். கண் முன்னால் ஒரு பை திறந்தால், பாவம், அவன் கை தானாக உள்ளே போய்விடும். போயிற்று. பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. பிளாஸ்டிக் கூடாது என்று பக்கத்திலேயே போர்டு இருந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தால், பதினைந்து பேர் பையைத் திறந்தபடி வரிசையில் நிற்கிறார்கள்.

ஐந்தடி தள்ளிப் போய் நின்றான். வரிசையும் ஐந்தடி தள்ளி வந்தது. தான் இங்கே வேலை பார்க்கிற ஆளில்லை என்று ஒருவரிடம் விளக்கிச் சொன்னான்.

"வேலைக்குப் புச்சா சேந்துகீறியா நைனா? போகப் போகப் பழகிரும்" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்துப் பையை நீட்டினார்.

ஏஞ்சலின் டிக்கெட்டோடு வந்து பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். மூன்று முறை டூர் கிளம்பி, மூன்று முறையும் அவனை மாற்றிவிட ஆள் வராமல் நின்றுபோனது. பூங்காவில் கடற்கரையும் உண்டுதான். ஆனால் பழவேற்காட்டில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு? காலண்டரில் மட்டுமே பார்த்த அருவிதான் வேண்டும். நாலு மணிக்கு அருவிப் பாதையை மூடிவிடுவார்கள்.

"இன்னிக்கும் காட்டலன்னு வை, கிறிஸ்மஸுக்கு நான் எங்கம்மா ஊட்லதான். நீ கேட்டக் கட்டிக்கினு அழு."

ஜோஷ்வா பயந்துபோய், வம்புக்கெல்லாம் காரணமான சட்டையைக் கழற்றினான். உடனே பின்னாலிருந்து ஒரு குரல்.

"பனியனோட இன்னாய்யா டியூட்டி? போடு சட்டைய."

இஸ்திரி கலையாத காக்கி, பெரிய மீசை. அந்தக் குரலுக்குப் பன்னிரண்டு வருடம் பழகிய உடம்பு விறைத்து நின்று சல்யூட் வைத்தது. "சரிங்க சார்" என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம் தப்பிக்க முடியுமா? வலப்பக்க வரிசை தனக்கு, இடப்பக்கம் ஜோஷ்வாவுக்கு என்று மீசைக்காரர் பிரித்துவிட்டார்.

வாங்கிய பாட்டிலைத் திருப்பித் தரவேண்டுமே என்று டோக்கன் போட்டுக் கொடுத்தது ஜோஷ்வாவின் சொந்த யோசனை. கெட்டது குடி. வெளியே வருகிறவர்களுக்கும் இப்போது ஒரு வரிசை. டிக்கெட் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்து, வாசலில் இரண்டு காக்கியைக் கண்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றரை மணி. வேனில் கூட வந்தவர்கள் ஈரத் தலையோடு திரும்பினார்கள். ஏஞ்சலின் ஒரு கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜோஷ்வாவுக்கு அழுகையே வந்துவிட்டது. துணிந்து மீசைக்காரரிடம் போனான்.

"சார், என் சம்சாரம் ஒம்போது வருசமா கேக்குது. அரை மணி நேரம் உட்டீங்கன்னா அருவியக் காட்டிட்டு ஓடியாந்துடுவேன்."

மீசைக்காரர் ஒரு பையை மூடிக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நானே இன்னும் பாக்கலய்யா" என்றார்.

அருவிக்குப் பக்கத்திலேயே வேலை, அருவியைப் பார்க்க நேரமில்லை. இதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று ஜோஷ்வாவுக்குத் தன் கவலை மறந்து அவர்மேல் இரக்கம் வந்தது.

அப்போது மர நிழலிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, கையில் இரண்டு டிக்கெட்டோடு மீசைக்காரரிடம் விறுவிறுவென்று வந்தாள்.

"எவளோ பையத் தொறந்து காட்டுனான்னு காலைல பத்து மணிக்கு நின்ன ஆளு, இன்னும் நின்னுக்கினே கீற. சோழவரம் வேன் கெளம்பப் போவுது. பேங்க் வாசல்ல நிக்கிறது பத்தாதா, இங்கியும் வேலைக்கு சேந்துட்டியா?"