நனைந்த வாக்கும் உலர்ந்த வாக்கும்

லண்டன் எட்மண்டன் தமிழர் ஒன்றியத்தின் தலைவரை உறுப்பினர்களின் வாக்குகளே தீர்மானிக்க வேண்டும் என்று அதன் யாப்பு, அதாவது சட்டக்கோவை, திட்டவட்டமாகக் கூறுகிறது. அந்த வாக்குகள் வீட்டிலிருந்து மண்டபத்துக்கு எப்படி வந்து சேர வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் அது வாய் திறக்கவில்லை. பத்மநாதனுக்கு வந்த கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பத்மநாதன் நெடுங்காலம் ஒன்றியத்தின் உபதலைவராக இருந்து, கதிரை அடுக்கி, மைக் பிடித்து, தலைவர்களுக்கு மாலை போட்டே கை ஓய்ந்தவர். இப்போது மகள் அனோஜினிக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. அழைப்பிதழில் தன் பெயருக்குக் கீழே 'உபதலைவர்' என்று அச்சடிப்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் டூட்டிங்கில் இதேபோன்ற ஒரு சங்கத்துக்கு முழுத் தலைவர்.

எதிரே நின்றவர் சுந்தரராஜன், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐ.டி. பொறியாளர். அவருடைய ஆட்கள் எல்லோரிடமும் கார் இருந்தது. பத்மநாதனின் ஆட்கள் பஸ் பாஸில் பயணிக்கும் பென்ஷன்காரர்கள். தலையை எண்ணினால் இவர்கள்தான் அதிகம்.

தேர்தல் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பத்மநாதன் மண்டப வாசலில் நின்று றோஸ்மலர் ரீச்சருக்குப் போன் போட்டார். முன்னாள் ஆசிரியையான அவர்தான் பென்ஷன்காரர்களுக்கெல்லாம் தளபதி.

"ரீச்சர், வெளிக்கிட்டிட்டியளோ?"

"இந்த மழைக்கை என்னெண்டு வாறது? முழங்கால் பிடிச்சிடும். மழை விடட்டும், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

கார்களோ ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பத்மநாதன் தேர்தல் அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி லெட்சுமணன் மலேசியாக்காரர், கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர். சட்டத்தில் ஓட்டை என்றால் அதைவிட உயிர்.

"மழையில நனைஞ்சு வாற மனிசன்ரை வாக்கும், ஹீற்றர் போட்ட காரில வாற ஆளின்ரை வாக்கும் ஒண்டோ? இது நியாயமோ?" என்று கேட்டார் பத்மநாதன்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு சார். நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் சுந்தரராஜன்.

லெட்சுமணன் யாப்பை முன்னும் பின்னும் புரட்டினார். "மழையைக் கணக்கில எடுக்கக்கூடாதுன்னு இதில எங்கயும் இல்லை லா. அப்படின்னா எடுக்கலாம்."

உடனே மைக்கில் அறிவித்தல் வந்தது. இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், முற்றாக ஈரமுற்று வருபவரின் வாக்கு இரண்டாகவும், குடை பிடித்தும் கால் நனைந்தவரின் வாக்கு ஒன்றரையாகவும், உலர்ந்த நிலையில் வருபவரின் வாக்கு ஒன்றாகவும் கொள்ளப்படும். ஈரப் பரிசோதகராக ஆரணி என்ற பெண் வாசலில் நியமிக்கப்பட்டாள். அவள் ஒவ்வொருவர் தோளிலும் சமையலறைப் பேப்பரை ஒற்றி எடுத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

சுந்தரராஜனின் ஆட்கள் பிரச்சினைகளுக்குத் தீர்வு காண்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள். கார்களைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு, கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஏற்கனவே உலர்ந்து வாக்களித்தவர்கள் வெளியே போய் நனைந்து வந்து மிச்ச வாக்கைக் கேட்டார்கள். அதுவும் வழங்கப்பட்டது.

"சேர், இவருக்குத் தலை மட்டும்தான் ஈரம். கழிவறைக் குழாயில நனைச்சிருக்கிறார்," என்று ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள் ஆரணி.

லெட்சுமணன் ஆழ்ந்து யோசித்தார். "மழை அப்படிப் பெய்யாது. தலைக்கு மட்டும் ஒரு கால் வாக்கு சேர்த்துக்கம்மா."

மத்தியானத்துக்குப் பிறகு மழை விட்டது. விட்டதோடு நிற்காமல் வெயிலும் எறித்தது. பஸ் வந்து நின்றது. றோஸ்மலர் ரீச்சரின் பின்னால் பத்மநாதனின் முழுப் படையும் இறங்கியது, ஆளுக்கு ஆள் பொரித்த அப்பளம் மாதிரி உலர்ந்து. பத்மநாதன் திரும்பவும் தேர்தல் அதிகாரியிடம் ஓடினார்.

"லெட்சுமணன் அண்ணை, நான் யோசிச்சுப் பாத்தன். ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. அதுதானே ஜனநாயகம்?"

"ரூல்னா ரூல்தான் சார்," என்றார் சுந்தரராஜன், சொட்டச் சொட்ட நின்று தும்மிக்கொண்டே. "இந்த ரூலுக்காக நான் ஜுரத்தையே வாங்கிட்டு நிக்கிறேன்."

தலையை எண்ணியபோது பத்மநாதன் வென்றார். ஈரத்தை எண்ணியபோது சுந்தரராஜன் வென்றார். லெட்சுமணன் இரண்டு முடிவையும் மதித்து வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கினார்: மழை பெய்யும் நாட்களில் சுந்தரராஜன் தலைவர், பெய்யாத நாட்களில் பத்மநாதன். மட்டன் றோல்ஸ் ஆறிக்கொண்டிருந்ததால் சபை அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'தலைவர் (மழை பெய்யாத நாட்களில்)' என்று பொன்னெழுத்தில் இருந்தது.

"அப்பா, சீரியஸ்லி?" என்றாள் அனோஜினி.

"ஓம் பிள்ளை. யாப்பில உள்ளபடிதான்."

உறுப்பினர் வீட்டுக் கலியாணத்தில் தலைவர் வாழ்த்துரை வழங்குவது ஒன்றியத்தின் வழக்கம். சொந்த மகளைத் தலைவர் என்ற முறையில் வாழ்த்தப் பத்மநாதன் ஒரு உரையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். கலியாணத்தன்று வானம் மூடியிருந்தது. சுந்தரராஜன் கோட்டுப் பையில் இன்னொரு உரையோடு வந்து வாசலில் நின்று கையை நீட்டிப் பார்ப்பதாகச் செய்தி வந்தது. கன்னிகாதானம் முடிந்த கையோடு பத்மநாதன் வெளியே ஓடினார்.

"தூறுது சார்," என்றார் சுந்தரராஜன்.

"அது மரத்தில இருந்து விழுற சொட்டு."

டூட்டிங் சம்பந்தியும் எழுந்து வந்து, அனுபவமுள்ள தலைவர் என்ற முறையில் தன் உள்ளங்கையை நீட்டினார். அவராலும் நிச்சயமாகச் சொல்ல ஏலவில்லை. கடைசியில் லெட்சுமணன், இது ஒருவர் கையில் தீரும் விஷயமல்ல, பெரும்பான்மையானோரின் உள்ளங்கை நனைந்தால் மட்டுமே மழை என்று அறிவித்தார். மண்டபம் முழுவதும் வெளியே வந்தது. பட்டுச் சேலையும் கோட்டும் சூட்டுமாக எல்லோரும் வரிசையில் நின்று கையை ஏந்தினார்கள். ஆரணி பேப்பரோடு ஒவ்வொரு கையாக ஒற்றிக்கொண்டு போனாள்.

"பத்மநாதன், உள்ளுக்கை ஐயர் கூப்பிடுறார்," என்றார் றோஸ்மலர் ரீச்சர், நீட்டிய கையை எடுக்காமல்.

"பொறுங்கோ ரீச்சர். இப்ப தெரிஞ்சிடும்."

நல்ல நேரம் போகிறதே என்று ஐயர் தாலியைக் கட்டச் சொல்லிவிட்டார். உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை போட ஐயரும் வீடியோக்காரரும்தான் இருந்தார்கள்.