வெள்ளிக்கிழமையும் ஐந்து வாழைப்பழமும்

"வெள்ளிக்கிழமை நான் கயிறு அவிழ்க்க மாட்டேன்" என்றார் ஹல்வர்.

ரக்னாவின் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக அவள் போட்ட திட்டம் மேசை முழுக்க விரிந்து கிடந்தது. அலாஸ்காக் கரையோரமாக எட்டு நாள். முதல் நாள் கடல் ஏறும் நேரம் பார்த்து நீரிடுக்கைக் கடப்பது, மூன்றாம் நாள் பனியாறு, நான்காம் நாள் கரடிகள் மீன் பிடிக்கும் ஆற்றுமுகம். வெள்ளி காலை ஒன்பது மணிக்குப் புறப்பாடு என்று அச்சடித்து சியாட்டிலுக்கு அனுப்பியும் ஆயிற்று.

"அண்ணே, அந்த நாளைக் கேட்டதே சியாட்டில் சுற்றுலாக் கம்பெனி மிஸஸ் கால்டர்தான். அந்தம்மா வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டா கோடை முழுக்க நமக்கு ஆள் அனுப்புவாங்க. போடலைன்னா நம்ம 'தைரா' கப்பலை வித்துட்டு நீ மீன் டப்பா அடைக்கிற வேலைக்குப் போகணும்."

"போறேன். டப்பா அடைக்கிற எடத்துல யாரும் வெள்ளிக்கிழமை முழுகிச் செத்ததில்லை."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நல்ல காரியம் தொடங்கலாம் என்பதெல்லாம் நம் ஊரோடு சரி. நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த இந்தத் துறைமுகத்தில், வெள்ளிக்கிழமை கரையை விட்ட கப்பல் உருப்படாது.

ரக்னா காகிதத்தில் சனிக்கிழமைக்குத் தள்ளிப் பார்த்தாள். நீரிடுக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. வழியைத் தலைகீழாக மாற்றினாள். கரடி பார்க்க அனுமதி வாங்கிய நாளில் கப்பல் பனியாற்றில் போய் நின்றது.

"கரடியைப் பனியாத்துக்கு வரச் சொல்லேன்" என்றார் ஹல்வர்.

"நீ வாயை மூடு."

கடைசியில் அவரே வழி சொன்னார். "அப்பா செய்வாரே. வியாழக்கிழமையே கயிறு அவிழ்த்து, துறைமுக வாசல்ல இருக்கிற மிதவையை ஒரு சுத்து சுத்திட்டு வந்து கட்டிட்டா, பயணம் அன்னிக்கே தொடங்கியாச்சு. மறுநாள் போறது மிச்சம்தான்."

"அவ்வளவுதானே?"

"வர்ற ஆளும் அப்ப ஏறியிருக்கணும். இல்லாட்டி அந்தம்மா வெள்ளிக்கிழமை கிளம்பினதா ஆயிடும்."

படித்த பட்டணத்து அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சுத்தப் பட்டிக்காட்டுக் கும்பல் என்று அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவார். "பாதுகாப்பு ஒத்திகைன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் ரக்னா.

வியாழன் மதியம், கொட்டும் மழையில், தண்ணீரில் இறங்கும் விமானத்திலிருந்து வந்தார் மிஸஸ் கால்டர். அறுபது வயது இருக்கும். ஒரு கையில் குறிப்பேடு. இன்னொரு கையில் ஒரு பை, பைக்குள் மஞ்சள் மஞ்சளாக ஐந்து வாழைப்பழம்.

நல்லவேளை, சுக்கான் அறையில் இருந்த ஹல்வர் அதைப் பார்க்கவில்லை. இங்கே மீன்பிடிக்கிறவன் வெள்ளிக்கிழமையைக்கூட மன்னித்துவிடுவான், வாழைப்பழம் கப்பலில் ஏறினால் அபசகுனம், அதை மன்னிக்கமாட்டான். போன வருடம் வாழைப்பழப் படம் போட்ட சட்டையோடு ஏறிய ஒருவரை, ஹல்வர் சட்டையைக் கழற்ற வைத்துத்தான் உள்ளே விட்டார்.

"ஒத்திகையா? இந்த மழையிலயா?"

"மழையிலதான் நல்லா வரும். பையைக் குடுங்க, உள்ளே வைக்கிறேன்."

மிஸஸ் கால்டர் ஏதோ குறித்துக்கொண்டார். கப்பல் நகர்ந்தது.

உள்ளே வந்த ரக்னா அலமாரியைத் திறந்தாள். சர்க்கரை எடுக்க ஹல்வர் அதைத்தான் திறப்பார். சன்னல் வழியே எறியலாம் என்றால், அந்த அம்மாள் அந்தப் பக்கம்தான் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இதை மறைக்க இடமில்லை. உரித்தாள். தின்றாள். நான்காவதில் கண் பிதுங்கியது. ஐந்தாவதைக் கடவுள் பேரைச் சொல்லி விழுங்கினாள். தோல்களை ரப்பர் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு சளக் சளக் என்று மேலே வந்தாள்.

மிதவை நெருங்கியது. பாதிச் சுற்று முடிந்தது.

"ரக்னா, என் வாழைப்பழத்துல ஒண்ணு கொண்டு வாங்களேன்" என்றார் மிஸஸ் கால்டர்.

இயந்திரம் நின்றது. ஹல்வரின் தலை வெளியே நீண்டது.

"என்ன பழம்?"

"இப்ப இல்லைண்ணே."

"எங்க போச்சு?"

"தின்னுட்டேன்."

"எத்தனை?"

"அஞ்சு."

"தோலு?"

ரக்னா தன் பூட்ஸைப் பார்த்தாள்.

ஹல்வர் தங்கையின் வயிற்றைப் பார்த்தார். "அப்ப பழம் இன்னும் கப்பல்லதான் இருக்கு. நீ பின்னாடி கட்டியிருக்கிற சின்னப் படகுல இறங்கு."

"அண்ணே, அந்தம்மா பாக்கறாங்க."

"பாக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குப் பயந்து இங்க வந்து சுத்திட்டிருக்கோம். வாழைப்பழத்தை ஏத்திக்கிட்டா சுத்தறது?"

போச்சு. வெள்ளிக்கிழமை, வாழைப்பழம், ஒத்திகைப் பொய், எல்லாம் சந்திக்கு வந்துவிட்டது. ரக்னா படகில் இறங்கித் துடுப்பை எடுத்தபடி, "மன்னிச்சிடுங்கம்மா. எங்கண்ணன் நல்ல மாலுமி. உங்களுக்கு எங்களைப் பிடிக்காமப் போயிடுமேன்னுதான் நான் பொய் சொன்னேன்" என்றாள்.

மிஸஸ் கால்டர் குறிப்பேட்டிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். கப்பலின் சுவரில் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, ஹல்வரிடம் நீட்டினார். பிறகு கீழே படகைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கப்பாவும் மீன்பிடிக் கப்பல் ஓட்டினவர்தாம்மா. வெள்ளிக்கிழமை டிக்கெட்டும் கையில வாழைப்பழமுமா இதுவரைக்கும் பதினோரு கப்பல் ஏறிப் பார்த்துட்டேன், ஒப்பந்தம் போனாலும் போகட்டும்னு, இறங்குன்னு சொன்ன முதல் கேப்டன் உங்கண்ணன்தான்."