பாதி சிவந்த செவ்வந்தி

அந்த மாதம் எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் காய்கறிச் சந்தையைவிட அதிகக் கூட்டம் ஒரு மளிகைக் கடையின் மாடியில். செவ்வந்திச் சித்தர் காளியண்ணன் தாப்பாவிலிருந்து மலையேறி வந்திருந்தார். செத்தவர்களைப் பேச வைப்பவர். வாயால் அல்ல, பூவால்.

மஞ்சள் துணி சுற்றிய சொம்பில் வெள்ளைச் செவ்வந்தியைச் செருகி, பக்கத்தில் மின்விசிறி போடுவார். "ஆவிக்கு எந்தத் தண்ணியும் ஒண்ணுதான்" என்பார். காலையில் கேள்வி, மதியம் பதில். பூ வெள்ளையாகவே இருந்தால் செத்தவருக்குச் சம்மதம். சிவந்தால் கோபம். கோபத்துக்குப் பரிகாரம், பரிகாரத்துக்குக் காணிக்கை. நம் முன்னோர்கள் இத்தனை கோபக்காரர்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தேயிலைத் தோட்ட லயன் வீடுகளிலிருந்து லோரி லோரியாக ஆட்கள் வந்தார்கள். கியா பார்ம் பூந்தோட்டக்காரர்களும் வந்தார்கள். இவர்களை நினைத்தால்தான் சிரிப்பு. நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். வெள்ளைச் செவ்வந்தியைச் சாயத் தண்ணீரில் நிற்க வைத்து, நீலப் பூவாக்கிக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள். கொட்டகையில் நிறம் மாறினால் வியாபாரம். மாடியில் மாறினால் தெய்வம்!

என் மகள் குமுதாவுக்கும் தனேஸுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். என் மனைவி விக்னேஸ்வரி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அவளுடைய அக்கா பாஞ்சாலை, "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம தாலி ஏறக்கூடாது, தம்பி" என்று மாடிக்குப் போனார். பூ சிவந்தது. அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"இந்தக் கல்யாணம் வேணாங்கிறா."

"அம்மாதானே பெரியம்மா, தனேஸை மொதல்ல வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாங்க!" குமுதா அழுதாள்.

"அது உயிரோட இருந்தப்ப. இப்ப மேலேருந்து எல்லாம் தெரியும் லா."

பூவை வாங்கிப் பார்த்தேன். அவளே பேசிவிட்டாள் என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. கோபமென்றாலும் அவள் பேச்சு அல்லவா? அப்புறம்தான் கண் வேலை செய்தது. இதழ் நரம்புகளில் கோடு கோடாகச் சிவப்பு, ஓரத்தில் அடர்த்தி. எங்கள் நீலப் பூவும் இப்படித்தான். தண்டுக்குள் மயிரிழைக் குழாய்கள் இருக்கின்றன. இதழ்களிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருக்கும் நீர் மேலே இழுபடும். செல் சுவர்களில் திரியில் எண்ணெய் ஊறுவதுபோல ஊறும். நீர் பறந்துவிடும், சாயம் தங்கிவிடும். இந்தக் குளிர் ஊரில் சித்தர் பூவுக்கு எதற்கு மின்விசிறி போட்டார் என்பதும் விளங்கியது.

மறுநாள் பாஞ்சாலையோடும் குமுதாவோடும் நானே மாடியேறினேன், கையில் ஒரு வெள்ளைச் செவ்வந்தியோடு.

"இன்னொரு தடவை கேக்கலாமா, சாமி?"

"பரிகாரம் செஞ்சிட்டுக் கேளு."

"மொதல்ல கேட்டுடறேன்."

பரிகாரம் செய்யாதவனுக்குச் சாயம் கலந்த சொம்புதான் வரும் என்று எனக்குத் தெரியும். அதுவே வந்தது. தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அதில் விட்டேன். மறு பாதியை ஒரு கண்ணாடி டம்ளரில், வெறும் குழாய்த் தண்ணீரில்.

"இது என்ன புது முறை?"

"ஆவிக்கு எந்தத் தண்ணியும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா லா, சொன்னாரு" என்றது கூட்டம். சித்தரால் பின்வாங்க முடியவில்லை.

மதியம் பார்த்தால், பூவின் ஒரு பாதி ரத்தச் சிவப்பு. மறுபாதி பால் வெள்ளை.

சித்தர் தொண்டையைச் செருமினார். "ஆத்மாவுக்குப் பாதிச் சம்மதம்."

பாஞ்சாலை எழுந்தார். "யாரு, என் தங்கச்சிக்கா? கத்திரிக்காய் வாங்கப் போனாக்கூட வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்னு அடிச்சுப் பேசறவ! பாதி வார்த்தை பேசினதே இல்ல. நீ யாருகிட்டய்யா பேசிட்டு வந்தே?"

மஞ்சள் துணியை வெடுக்கென்று உருவினார். சொம்பு கவிழ்ந்தது. பலகைத் தரையெல்லாம் சிவப்பு. சம்மணமிட்டிருந்த சித்தரின் வெள்ளை வேட்டியும் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே சிவந்தது.

"சாமிக்கே கோபம் வந்திருச்சு டோய்!" என்று யாரோ கத்த, மாடியே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சித்தர் படியிறங்கிவிட்டார்.

ரிங்லெட் கோயிலில் கல்யாணம் நடந்தது. முதல் அட்சதை பாஞ்சாலையுடையது. விக்னேஸ்வரி என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் பூவும் தேவைப்படவில்லை. அவளோடு வாழ்ந்தவன் நான்.

வெட்டிய பூ, எந்தச் சொம்பில் செருகினாலும் அதிலிருப்பதைக் குடிக்கும். வேரும் இல்லை, மூளையும் இல்லை, அதற்கு வேறு வழி கிடையாது. நமக்கு என்ன கேடு?