அச்சியா பெரியம்மாவுக்கு மீசை முளைத்தது எப்படி

குமாசி, திங்கள்கிழமை

குடும்பத் தலைவர் மாமா அம்போன்சா அவர்களுக்கு மருமகன் சார்போங் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நலம் கேட்கும் வழக்கம் தங்களுக்கு இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை அச்சியா பெரியம்மாவின் இறுதிச் சடங்கில் நடந்த கேவலத்துக்கு நானே காரணம் என்று சொல்லி வருகிறீர்களாம். வியாழக்கிழமைக் குடும்பக் கூட்டத்தில், இறந்தவருக்கு ஊரார் இரங்கல் எழுதும் என் இணையதளத்தைப் பிடுங்கிச் சித்தி மகன் போவாடியிடம் கொடுக்கப் போகிறீர்களாம். நான் கணிதப் பட்டதாரி. ஊரே தன் சாவுகளை நம்பி ஒப்படைக்கும் தளத்தைக் கட்டியவன். போவாடியோ தங்கள் செலவில் தலைநகர் அக்ராவில் மூன்று வாரம் கம்ப்யூட்டர் படித்தவன். வந்ததும் வராததுமாக, "என்னண்ணே, ஒவ்வொருத்தன் வரும்போதும் டேட்டாபேஸுக்குப் புது இணைப்பு போட்டு, வேலை முடிஞ்சதும் அறுத்துக்கிட்டு இருக்கீங்க? அறுக்காம விட்டா அடுத்த ஆளுக்கு அதுவே ஆகும்ல? பக்கம் பறக்கும்!" என்றான். "முன்னால வந்தவன் ஞாபகமும் அதுலயே ஒட்டிக்கிட்டு இருக்குமேடா" என்றேன். "பிரேக்க மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுற ஆளுண்ணே நீங்க" என்றான். தாங்கள் சிரித்தீர்கள். "தம்பி சொல்றபடி விடுப்பா" என்றீர்கள். விட்டேன்.

விஷயம் எளிது, மாமா. வருபவர் எந்தச் சாவுக்கு வந்திருக்கிறார் என்பதைத் தளத்தை ஓட்டும் ஸ்கிரிப்ட் அந்த இணைப்பிடம் ஒருமுறை சொல்லிவைக்கும். ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் மறுபடி சொல்லாது. இணைப்பை மூடினால் பெயர் மறந்துபோகும். மூடாவிட்டால், அதே சனிக்கிழமை சுவாமே பகுதியில் சடங்கு நடந்த லாரி டிரைவருக்காக வந்தவர் விட்டுப்போன இணைப்பில் பெரியம்மாவுக்கு அழ வந்தவர் ஏறிக்கொள்வார். அவர் அழுகை டிரைவருக்குப் போகும், டிரைவருடையது நமக்கு வரும். நம் மைக்செட்காரரோ தளத்தில் வரும் இரங்கலைத் திரையில் வந்தது வந்தபடி ஒலிபெருக்கியில் வாசிப்பவர். யோசிப்பது அவர் வேலை இல்லை. ஊருக்கெல்லாம் கவுன் தைத்து, மெதடிஸ்ட் கோயிலில் ஆயுள் முழுக்கப் பாடிய பெரியம்மாவின் படத்தைப் பார்த்து, "யோவ் மீசை! உன்ன மாதிரி மூச்சு விடாம பனங்கள்ளு குடிக்க இனிமே யாருய்யா இருக்கா? டெச்சிமான்ல ஒருத்தி ஒனக்காக அழுவுறா!" என்று முழங்கினார். போதகர் கண்களை மூடிக்கொண்டார். அத்தை மட்டும் படத்தைப் பார்த்து, "அண்ணி, நீங்க டெச்சிமானுக்கு எப்ப போனீங்க?" என்று கேட்டார். சுவாமேயில், "நீ தைச்ச கவுனைப் போட்டுத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்று வாசித்தார்களாம். லாரிக்காரர்கள் எல்லாரும் தேம்பி அழுதார்களாம்.

ஆகவே தளம் என்னிடமே இருக்கட்டும். போவாடி அதன் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது. நேற்றே எல்லாவற்றையும் பழையபடி, அறுத்துவிடும் முறைக்கு மாற்றிவிட்டேன்.

முன்னோர்கள் தங்களுக்கு நீண்ட ஆயுளும், மருமகன்களில் யார் உருப்படி என்று பார்க்கும் கண்ணும் அருளட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சார்போங்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதையும் சேர்க்கிறேன். வேகத்தைப் பார்த்துவிட்ட ஜனம் காலையிலிருந்து போனில் திட்டுகிறது. பக்கம் திறப்பதற்குள் வாழைக்காய் வறுபட்டுவிடுகிறதாம். டேட்டாபேஸ் அக்ராவில் இருக்கிறது; ஒவ்வொருவருக்காகவும் அதுவரை போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அதனால் போவாடி எழுதியதையே திரும்பப் போட்டுவிட்டேன். பழைய ஆளின் ஞாபகத்தைத் துடைக்க ஒரு வரி எழுதினால் போதுமாம். அது அவனுக்குத் தெரியுமாம். வரும் சனிக்கிழமை நாலு சாவு இருக்கிறது. அவனை உடனே அனுப்பிவைக்கவும். நான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம்; தாங்கள் உத்தரவிட்டதாகவே இருக்கட்டும்.